அம்மா ஊரில், நான் புனேயில்: போனில் டாக்டரைப் பார்த்து சுகர் மாத்திரையைக் கூட்டலாமா?

கரிசல்காட்டு மகன் கேட்டது:

விளாத்திகுளம் பக்கம் எங்க ஊரு. நான் இருக்கிறது புனேக்கு வெளியே சாக்கன்ல, கார் பாகம் செய்யிற கம்பெனியில ஷிப்ட் வேலை. அப்பா தவறிட்டாங்க. அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, 67 வயசு. சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, பிரஷரும் சேர்ந்துக்கிச்சு. இங்க கூட்டிட்டு வந்து வச்சுப் பார்த்தேன். நாலாவது மாடி, அக்கம்பக்கம் பேசுறது புரியலை, ஆட்டுக்கு யார் குழை போடுறாங்களோன்னு ஒரே கவலை. ஊர்லயே கொண்டு போய் விட்டுட்டேன்.

போன மாசம் காசு கட்டி ஒரு செயலி வழியா வீடியோல டாக்டரைப் பார்க்க வச்சேன். அம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போன்தான், அதனால பக்கத்து வீட்டுப் பையன் அவன் போனைப் பிடிச்சுக்கிட்டான். டாக்டர் பொறுமையாத்தான் பேசினாரு. ஆனா என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா, "காலைல பெரிய வெள்ளை, ராத்திரி சின்னது ஒண்ணு"ன்னு அம்மா சொல்றாங்க. சுகர் எவ்வளவுன்னு கேட்டதுக்கு எப்பவோ பார்த்த 210-ஐச் சொன்னாங்க. சாப்பிடுமுன்னே எடுத்ததா, சாப்பிட்டு எடுத்ததான்னு அவங்களுக்கு நினைவில்லை. அதை வச்சு அவரு புதுசா ஒரு மாத்திரை எழுதி, சீட்டைப் பி.டி.எஃப்.பா எனக்கு அனுப்பிட்டாரு. அந்த மாத்திரையை இன்னும் வாங்கிக் குடுக்கலை. மனசு ஒப்பலை.

இதுபோக, சாயங்காலம் ஆனா கால் வீங்குதுன்னு சொல்றாங்க. தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை போடுறாங்க, அது யார் எழுதினதுன்னே தெரியலை.

என்னால மாசாமாசம் ஊருக்கு வர முடியாது. போன் வழியா அம்மாவைப் பார்த்துக்கிறது நடக்கிற காரியமா? போன்லயே டாக்டரைப் பார்க்கிற அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி பத்தியும் கேள்விப்பட்டேன், பட்டன் போன்ல அது ஆகுமா? வீட்டுல பிரஷர் மெஷின் வாங்கி வச்சா பிரயோசனம் உண்டா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

மருந்தாளுநர்71 பதில்:

அந்த மாத்திரையை வாங்காமல் நிறுத்தி வைத்தது நல்லது, தம்பி. நான் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவன். இப்போது என்னிடம் வருகிற சீட்டுகளில் பல போன் திரையில்தான் வருகின்றன. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25-ல், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதன்படி எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம். டாக்டரின் பெயர், பதிவு எண், தேதி, நோயாளியின் பெயர், வயது, மருந்தின் மூலப்பெயர், அளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத சீட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அதே நெறிகள் மருந்துகளையும் பட்டியல் பிரித்திருக்கின்றன. ஏற்கெனவே சாப்பிடுகிற சுகர், பிரஷர் மாத்திரையைத் தொடரச் சொல்லி எழுதுவது ஒரு வகை. அதே நோய்க்கு மேற்கொண்டு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது வேறு வகை. இரண்டாவதைச் செய்ய அந்த டாக்டரே உங்கள் அம்மாவை அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அவர் பார்த்ததே இல்லை.

தூக்க மாத்திரை அல்பிரசோலம் என்றால் இப்படிப் போனில் எழுதக் கூடாது. அது தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வெகுநாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும். நேரில் ஒரு டாக்டர் பார்த்து மெல்லக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் பாயில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் தெரிகிற பின்பக்கம் வேண்டும். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும், அப்படி இருந்தால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். அரசு அட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டிருக்கும். அரசு கொடுத்த மெட்பார்மின் என்கிற சுகர் மாத்திரை ஒரு பக்கம், தனியார் டாக்டர் எழுதிய வேறு பெயருள்ள அதே மெட்பார்மின் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்து விழுங்குகிற வயதானவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நிறமும் அளவும் வேறாக இருப்பதால் அவர்களுக்கு இரண்டும் ஒரே மருந்து என்று தெரிவதில்லை.

---

ஓய்வுபெற்ற நர்சம்மா பதில்:

தம்பி, நான் தூத்துக்குடி மாவட்டத்துல கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. உங்க அம்மா வயசுதான் எனக்கும் வரப்போகுது. கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

நான் வேலையில சேர்ந்தப்ப தோள்ல ஒரு பை, பை நிறைய பதிவேடு. கர்ப்பிணிக்கு ஒண்ணு, தடுப்பூசிக்கு ஒண்ணு, குடும்பக் கணக்குக்கு ஒண்ணு. ஒரு பிள்ளைத்தாச்சிக்கு எட்டாம் மாசத்துல பிரஷர் 150-க்கு 100 இருக்குன்னு வைங்க, தலைவலியும் இருக்கு, கண்ணு மங்குது. நான் ஒரு சீட்டு எழுதிக் கையில குடுத்து, பஸ்ஸுல ஏத்தி அனுப்பணும். அந்தச் சீட்டைப் பெரியாஸ்பத்திரியில யார் பார்த்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். போன் வந்த பிறகு நின்ன இடத்துல இருந்தே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பேசுவேன். அவங்க கோவில்பட்டிக்கு அனுப்புன்னா, 108 வர்றதுக்குள்ள அங்க பிரசவ வார்டுல இருக்கிறவங்களுக்கு விஷயம் போயிருக்கும். பிள்ளைத்தாச்சி போய் இறங்கும்போது கட்டில் தயாரா இருக்கும். போன் எங்க வேலைக்குச் செஞ்ச பெரிய உதவி என்னன்னு யாராச்சும் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். அதுல வீடியோவும் இல்லை, செயலியும் இல்லை, வெறும் பேச்சுதான்.

அந்தப் பேச்சு நடக்கணும்னா நோயாளி பக்கத்துல பிரஷர் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தி நிக்கணும். உங்க அம்மா விஷயத்துல குறையா இருக்கிறது அதுதான். அந்தப் பக்கம் டாக்டர் இருந்தாரு, இந்தப் பக்கம் போனைப் பிடிக்க ஒரு பையன் இருந்தான். விரல்ல குத்திச் சுகர் பார்க்க ஆளில்லை, காலைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை.

கால் வீக்கத்தையே எடுத்துக்கிடுங்க. பிரஷருக்கு அம்லோடிபின் போடுறவங்க பல பேருக்குக் கணுக்கால் வீங்கும், மாத்திரையோட குணம் அது. ஆனா சிறுநீரகம் கெட்டாலும் வீங்கும், இதயம் பலவீனமானாலும் வீங்கும். முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல கட்டை விரலை வச்சுக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தா குழி விழுதா, ரெண்டு காலுமா ஒரு காலு மட்டுமா, படுத்தா மூச்சு வாங்குதா, இதையெல்லாம் கிட்ட இருந்து பார்க்கணும். ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சா அது அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காம மெட்பார்மினைக் கூட்டவும் கூடாது.

புண்ணு விஷயம் இன்னும் கஷ்டம். வேம்பார் பக்கம் உப்பளத்துல வேலை பார்த்த ஒருத்தரு. சுகராலே பாதம் மரத்துப் போயிருந்தது. சீமைக் கருவேல முள்ளு ஏறினது அவருக்குத் தெரியவே இல்லை. அவரு மக போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிச்சா. படத்துல சின்னப் புண்ணாத்தான் தெரிஞ்சது. நேர்ல போய்க் கட்டைப் பிரிச்சா நாத்தம் குடலைப் புரட்டுது, உள்ளுக்குள்ள சீழ் ஓடியிருக்கு. போட்டோவுல நிறம் வரும், நாத்தம் வராது. அன்னைக்கே அனுப்பினதால ஒரு விரலோட போச்சு, காலு தப்பிச்சது. அந்தப் பொண்ணு அந்தப் போட்டோவை அனுப்பலைன்னா நான் அந்த வீட்டுக்கு அடுத்த வாரம்தான் போயிருப்பேன். அதனால போட்டோ வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். யாரை உடனே நேர்ல பார்க்கணும்னு பிரிச்சு எடுக்க அது ஒத்தாசை பண்ணும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியதுக்கு வாரேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினது. இப்ப உங்க ஊருக்கும் அதுக்கு ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் இருப்பாங்க. மகளிர் சுயஉதவிக் குழுவுல இருந்து எடுத்தவங்க, அநேகமா உங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச பொண்ணாத்தான் இருக்கும். வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்துப் போன்ல பதிவாங்க, மாத்திரையும் வீட்டுக்கே வரும். அவங்க நம்பரை முதல்ல வாங்குங்க. அடுத்தது துணை சுகாதார நிலையத்துல இருக்கிற சிஸ்டர் நம்பர்.

இ-சஞ்சீவனியில ரெண்டு வகை உண்டு. நீங்களே வீட்டுல இருந்து டாக்டரைக் கூப்பிடுறது ஒண்ணு. ஊரடங்கு சமயத்துல 2020 ஏப்ரல் 13-ல அதைத் தொடங்கினாங்க, தமிழ்நாட்டுல அப்ப நிறைய பேர் பயன்படுத்தினாங்க. அதுக்கு ஸ்மார்ட்போனோ கம்ப்யூட்டரோ வேணும். இன்னொண்ணு, துணை சுகாதார நிலையத்துல சிஸ்டர் பக்கத்துல உட்கார்ந்து, பிரஷர், சுகர், எடை எல்லாம் பார்த்துப் பதிஞ்சு, அங்கிருந்து டாக்டரைக் கூப்பிடுறது. உங்க அம்மாவுக்கு ரெண்டாவதுதான் சரி. பட்டன் போன் இருந்தா போதும். ரெண்டுமே இலவசம். டாக்டர் என்ன சொன்னாருன்னு அம்மாவுக்குத் திரும்பச் சொல்லவும் அங்க ஒரு ஆள் இருக்கும்.

பிரஷர் மெஷின் வாங்கலாம், மேல்கையில கட்டுறதா வாங்குங்க, மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில பட்டு, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க. வீட்டுல எடுக்கிறது 135-க்கு 85-க்கு மேலயே நின்னா டாக்டர்கிட்ட சொல்லணும். ஒரு நாள் கூடினதை வச்சு நீங்க அங்கிருந்து பதறி மாத்திரையைக் கூட்டச் சொல்லாதீங்க.

நெஞ்சு வலி, வாய் ஒரு பக்கம் கோணுறது, மூச்சுத் திணறல், ஒரு கை தூக்க முடியாமப் போறது, இதுக்கெல்லாம் வீடியோ போட்டு நேரத்தைப் போக்கக் கூடாது, நேரா 108. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுத்துதுன்னா சுகர் தாழுதுன்னு வச்சுக்கிட்டு முதல்ல ஜீனித் தண்ணி குடுங்க, பிறகு போன் பண்ணுங்க. மயங்கிக் கிடந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க. இதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லி வைங்க.

---

கரிசல்காட்டு மகன்:

நர்சம்மா, கும்பிடுறேன். மருந்தாளுநர் சார், உங்களுக்கும் நன்றி.

தன்னார்வலர் நம்பரை ஊராட்சி ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே அம்மாவுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான், எங்க தெருவுல இருந்து கட்டிக்குடுத்துத் திரும்பி வந்தவங்க. மாத்திரை அட்டைகளைப் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினாங்க. மெட்பார்மின் ரெண்டு பேர்ல இருக்கு, ஒண்ணு அரசு அட்டை, ஒண்ணு கோவில்பட்டியில வாங்கினது. அம்மா ரெண்டையும்தான் சாப்பிட்டு வந்திருக்காங்க. வயிறு சரியில்லைன்னு வருஷக்கணக்கா சொன்னது இதனாலதானோ என்னமோ. தூக்க மாத்திரை அல்பிரசோலம்தான்.

சிஸ்டர் வர்ற வாரம் அம்மாவைத் துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. பதிவு பண்ண என் நம்பரைக் குடுக்கட்டுமா, அம்மா நம்பரையா? கண்ணு பரிசோதனையும் இதுவரை பண்ணினதே இல்லை. அதையும் போன்ல பார்க்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

---

பார்வை மையத்துக்காரர் பதில்:

உண்மைதான். ஆனால் நீங்கள் நினைப்பது போல உங்கள் அம்மாவின் போனை வைத்துப் பார்ப்பதில்லை. விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியையே இப்போது ஸ்மார்ட்போனோடு பொருத்தும்படி செய்திருக்கிறார்கள். சுகர்காரர்களுக்கு விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். பார்வை மங்கிய பிறகுதான் போவேன் என்று இருந்தால் அதற்குள் நோய் முற்றியிருக்கும், அதனால் வருடம் ஒருமுறை கண்ணாடி போடுகிறவரும் போடாதவரும் பார்த்தே ஆக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது அரவிந்த் மாதிரி ஒரு கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையத்தில். மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண்கள் பார்வையைச் சோதித்து, படம் எடுத்து அனுப்புவார்கள், தலைமை மருத்துவமனையில் இருக்கும் கண் டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்வார். கண்புரை இருந்தால் அறுவைக்கு அங்கே போக வேண்டும். மற்றபடி வருகிறவர்களில் பெரும்பாலோர் மையத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லும் வேலையும் நடக்கிறது. 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களும் சேர்ந்திருந்தன. நம்மூர்க் கண்களைப் பார்த்தும்தான் அந்தக் கணினி கற்றுக்கொண்டது, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் கண்புரை முற்றிய வயதானவர்களுக்குப் படம் மங்கலாக வரும். "படம் தெளிவில்லை" என்று முடிவு வந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு நேரில் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும், அம்மாவோடு ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

---

ஓய்வுபெற்ற நர்சம்மா:

நம்பர் விஷயம் நல்லாக் கேட்டீங்க தம்பி. அம்மா நம்பரையே குடுங்க. இதுல நாங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. கர்ப்பிணியைப் பதியும்போது வீட்டுக்காரர் நம்பரைக் குடுப்பாங்க, அவரு திருப்பூர்ல இருப்பாரு. ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவரு மெஷின் ஓட்டிக்கிட்டு இருப்பாரு, போனை எடுக்க மாட்டாரு. நான் இங்க டவர் கிடைக்கிற தண்ணித் தொட்டிப் பக்கத்துல வெயில்ல நின்னுக்கிட்டு இருப்பேன். "ஊசி போடுற நாள்"னு வர்ற செய்தியும் அவருக்குத்தான் போகும், ஊசி போட வேண்டிய பொண்ணுக்குத் தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல நாட்டுப் பெண்கள்ல 54 சதவீதம் பேருக்குத்தான் தாங்களே பயன்படுத்துற போன் இருக்குன்னு வந்தது. மீதிப் பேருக்கு வர்ற மருத்துவச் செய்தியெல்லாம் வேற யாரோ கையில போய்ச் சேருது. திட்டம் போடுறவங்க இதை நினைச்சுப் பார்க்கணும்னு நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

இன்னொரு சங்கதியும் இருக்கு. காசநோய் மாத்திரைக்கு 99டாட்ஸ்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. மாத்திரையை அட்டையில இருந்து பிதுக்கி எடுத்தா பின்னால மறைஞ்சிருக்கிற நம்பர் தெரியும், அந்த இலவச நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா அன்னைக்கு மாத்திரை எடுத்ததாக் கணக்கு. நல்ல யோசனை, பட்டன் போனே போதும். ஆனா போன்ல பணம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டோ, போன் மகன்கிட்ட இருந்ததாலோ, மாத்திரையை ஒழுங்காப் போட்டும் கால் குடுக்காதவங்க இருந்தாங்க. கால் குடுத்துட்டு மாத்திரையை ஜன்னல் வழியா எறிஞ்சவங்களும் இருந்தாங்க. வாந்தி வருதுன்னு எறிவாங்க, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினாத்தான் அந்த வாந்தியைப் பத்திச் சொல்லுவாங்க. கால் வராத ஆள் யாருன்னு காலையிலயே தெரிஞ்சதால முதல்ல எந்த வீட்டுக்குப் போகணும்னு எனக்கு வழி கிடைச்சது. அந்த அளவுக்கு அது உபயோகம்தான்.

இப்ப இருக்கிற பிள்ளைங்களைப் பார்த்தா எனக்கு மனசு வலிக்குது. பகல் முழுக்க வீடு வீடாப் போயிட்டு, ராத்திரி உட்கார்ந்து பல செயலியில ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பப் பதியுதாங்க. ஒரே தடவை பதிஞ்சா எல்லா இடத்துக்கும் போகிற மாதிரி செஞ்சு குடுத்தா, அந்த நேரத்துல இன்னும் நாலு வீட்டுக் காலைத் தொட்டுப் பார்ப்பாங்க. உங்க ஊரு சிஸ்டர் ராத்திரி போனை எடுக்கலைன்னா கோவிச்சுக்கிடாதீங்க, பகல்ல கூப்பிடுங்க.

அம்மா துணை சுகாதார நிலையத்துக்குப் போகிற அன்னைக்கு வெறும் வயித்தோட காலையிலயே போகச் சொல்லுங்க, சாப்பிடுமுன்னே சுகர் எடுக்க. சுகர் மாத்திரையை அன்னைக்கு வெறும் வயித்துல போட வேண்டாம், சாப்பாட்டைக் கையில கட்டிக்கிட்டுப் போகட்டும், ரத்தம் குடுத்ததும் மாத்திரையும் சாப்பாடும். எல்லா அட்டையும் பழைய சீட்டும் ஒரே பையில இருக்கணும், புனேயில உங்க போன்ல இருக்கிற அந்தப் பி.டி.எஃப்.பையும் சிஸ்டருக்கு அனுப்பிடுங்க. செருப்பைக் கழட்டிக் கால் விரல் இடுக்கு வரைக்கும் பார்க்கச் சொல்லி சிஸ்டர்கிட்ட நீங்களே கேளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல எந்த நாள் கிரியாட்டினினுக்கு ரத்தம் எடுக்காங்கன்னும் கேட்டு வைங்க. அந்த ரிப்போர்ட் வந்த பிறகு டாக்டர்கிட்ட மாத்திரையைப் பத்தி மறுபடியும் பேசலாம். ரெண்டு மெட்பார்மின்ல எதை நிறுத்தணும்னு மட்டும் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டுருங்க.